கவைக்கோலும் ஊற்றுக்கண்ணும்: ரமணாசிரமப் பகுதியை முன்வைத்து நீரோட்டம் பார்த்தலின் வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலை வட்டாரத்தில் போர்வெல் போடுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது இன்றும் உள்ள வழக்கம். அவர் வேப்பங்கவையையோ குடுமியுள்ள தேங்காயையோ ஏந்தி நிலத்தைச் சுற்றி வருவார். கவை சுழன்றாலும் உள்ளங்கையில் கிடக்கும் தேங்காய் நிமிர்ந்தாலும் அடியில் ஊற்று உண்டு என்பார். இவ்வழக்கின் வரலாற்றையும் அது சோதனையில் நின்றதா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நீர் தேடும் மரபில் நிலக்குறி படித்தல், கோல் பிடித்தல் என இரு கிளைகள் உண்டு. முதலாவது அறிவியலாக வளர்ந்தது. இரண்டாவது தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

நிலக்குறி மரபு

கூவல் என்பது கிணறு. கிணற்றுக்கு இடம் அறிந்து சொல்லும் கலையைத் தமிழர் கூவநூல் என்றனர். இந்திய மரபில் இக்கலைக்குக் கிடைக்கும் விரிவான பழஞ்சான்று, 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையின் நிலத்தடி நீர் அத்தியாயம். நாவல் மரத்துக்குக் கிழக்கே அருகில் புற்று இருந்தால், மரத்தின் தென்புறம் இரண்டு ஆள் ஆழத்தில் நன்னீர் கிடைக்கும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மரம், புற்று, மண்ணின் நிறம், பாறையின் தன்மை ஆகியவையே அங்குச் சான்றுகள். கையில் ஏந்தும் கோலுக்கு அங்கே இடமில்லை. திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் இ.ஏ.வி. பிரசாத் 1980-இல் இவ்விதிகளை நவீன நிலத்தடி நீரியலோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். எல்லா விதிகளும் எல்லா மண்ணுக்கும் பொருந்தா. ஆயினும் அவற்றை நிலத்தில் சரிபார்க்கலாம், திருத்தலாம்.

கோல் மரபு

கவைக்கோலின் தெளிவான பதிவு ஐரோப்பியச் சுரங்கங்களில் கிடைக்கிறது. 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூல், கனிமம் தேடக் கோல் பிடித்த தொழிலாளரை விவரிக்கிறது. ஆனால் இயற்கைக் குறிகளை அறிந்தவனுக்குக் கோல் தேவையில்லை என்றே அக்ரிகோலா முடித்தார். வராகமிகிரர் சென்ற வழியும் அதுவே. 1692-இல் பிரான்சில் ஜாக் எமார் என்பவர் கோலைக்கொண்டு கொலைகாரரைத் தேடுமளவுக்கு அதன் மேல் நம்பிக்கை வளர்ந்தது. 1920-களில் பம்பாய் மாகாண அரசு மேஜர் போக்சன் என்பவரை நீர் காண்பவராகப் பணியில் வைத்திருந்தது. புதைந்த குழாய்களைத் தேடவும் கோல் பயன்பட்டது. தம் ஊழியர் சிலர் அதைக் கையாள்வதாகப் பிரிட்டனின் பெரும்பாலான குடிநீர் நிறுவனங்கள் 2017-இல் ஒப்புக்கொண்டன.

சோதனைகள்

கை அசையாதபோது கோல் எப்படி அசைகிறது? 1833-இல் செவ்ரல் என்பவர், கையில் பிடித்த ஊசலின் ஆட்டத்துக்குக் காரணம் பிடித்தவரின் அறியாத் தசை அசைவே என்று காட்டினார். விறைப்பாகப் பிடித்த கவையும் உள்ளங்கைத் தேங்காயும் நிலைகொள்ளாதவை. மணிக்கட்டின் சிறு சாய்வே அவற்றைப் புரட்டப் போதும். ஆகவே நீரோட்டம் பார்ப்பவர் ஏமாற்றுகிறார் என்று பொருளில்லை. அவர் உண்மையாகவே தம் கை அசையவில்லை என நம்புகிறார்.

1987-88-இல் மியூனிக் அருகே ஆய்வாளர்கள் நீரோட்டம் பார்ப்பவர் சுமார் 500 பேரைச் சோதித்து, அவர்களுள் 43 பேரைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் நகர்த்தப்பட்ட நீர்க்குழாயின் இடத்தை அவர்கள் மேல்தளத்திலிருந்து சொல்ல வேண்டும். சிலருக்குத் திறன் உண்டென நடத்தியவர்கள் அறிவித்தனர். அதே தரவுகளை மறு ஆய்வு செய்த என்ரைட் என்பவர், முடிவுகள் தற்செயலுக்கு மேல் இல்லை என 1995-இல் எழுதினார். 1990-இல் காசெல் நகரில் 30 பேர் புதைத்த குழாயில் நீர் ஓடுகிறதா என்று சொல்ல முயன்றனர். அங்கும் தற்செயல் அளவே மிஞ்சியது.

அண்ணாமலைப் பாறையில்

அப்படியானால் கோல் காட்டிய இடத்தில் நீர் கிடைப்பது எப்படி? விடை நிலத்தில் இருக்கிறது. 814 மீட்டர் உயர அண்ணாமலையின் அடிவாரம் கடினப் பாறை. நீர் இரு இடங்களில் தங்குகிறது: மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே விரிசல்களிலும். நல்ல மழைக்குப் பின் சிதைந்த அடுக்கில் பல இடங்களில் நீர் இருக்கும். அங்கெல்லாம் எங்கு தோண்டினாலும் ஓரளவு கிடைக்கும். அந்தப் பெயர் கோலுக்குப் போய்ச் சேர்கிறது. ஆழத்து விரிசலோ சில அடி தள்ளினாலும் தப்பிவிடும். ரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்த ஸ்கந்தாசிரமத்தின் சுனை, மலைநீர் தானே வெளிப்படும் இடம். ரமணாசிரமத்தை ஒட்டிய பாலி தீர்த்தமோ மலைச்சரிவில் வழியும் நீரைத் தேக்கும் அறிவுக்குச் சாட்சி.

1912-இல் ஷ்லம்பர்ஜே தொடங்கிவைத்த மின்தடை ஆய்வு இன்று நிலத்தடி நீரைத் தேட நம் மாநிலத்திலும் கையாளப்படுகிறது. ஈரமான விரிசல் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும்; காய்ந்த பாறை தடுக்கும். இம்முறையும் தவறலாம். ஆனால் அதன் தவறு அளவாகப் பதிவாகிறது, அடுத்த ஆய்வைத் திருத்துகிறது. கோலின் தவறோ யார் கணக்கிலும் ஏறாமல் மறைகிறது.

முடிவுரை

கவைக்கோலும் தேங்காயும் நீரையோ குழாயையோ காட்டும் என்பதற்குக் கட்டுப்பாடான சோதனைகள் ஆதாரம் தரவில்லை. கடன் வாங்கிப் போர்வெல் போடும் குடும்பம், தோண்டுமுன் நிலவியல் ஆய்வுக்குச் செலவிட வேண்டும். பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் கேட்டறிய வேண்டும். அதைவிட முதன்மையானது, மலையிலிருந்து தீர்த்தங்களுக்கும் சமுத்திரம் ஏரிக்கும் நீர் வரும் கால்வாய்களை அடைபடாமல் காப்பது. மேலே மழைநீர் இறங்க வழியில்லாத நிலத்தில் எந்த முறையாலும் ஊற்றைக் கண்டெடுக்க முடியாது.