ரேப்பிட் பினாங்கு பேருந்துத் தரவு: உள்ளூர்ப் பின்தளம் அமைத்தல்

2007 ஜூலை 31 முதல் ஓடும் ரேப்பிட் பினாங்கு பேருந்துகளின் கால அட்டவணையையும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் இருப்பிடத்தையும் மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம் ஏபிஐ வழியே இலவசமாகத் தருகிறது. ஜெட்டியில் 101ஆம் எண் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு ஒரு செயலி எழுத முனைபவர், அதன் பின்தளத்தை முதலில் தம் மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பார்.

அட்டவணை ஜிடிஎஃப்எஸ் வடிவில் கிடைக்கிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய வடிவம் இது. நிறுத்தம், வழித்தடம், பயணம் என்று தனித்தனி உரைக் கோப்புகள் ஒரே ஜிப்பில் இருக்கும்.

நிறுவும் வேலை எளிது. அரசுத் தளத்தின் பின்தளமே ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் கொண்டு கட்டப்பட்டது. அதன் மூலநிரல் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. இம்மூன்றையும் டாக்கரில் ஏற்றி, கடவுச்சொற்களைத் தனிக் கோப்பில் வைத்து அதைக் கிட்டில் சேராமல் விலக்கி, மைக்ரேஷன் ஓட்டினால் 8000ஆம் போர்ட்டில் சேவையகம் எழுந்துவிடும்.

உண்மையான தொல்லை நேரத்தில்தான். நள்ளிரவு தாண்டிய பயணம் முந்திய நாளின் கணக்கிலேயே சேர்வதால், ஜிடிஎஃப்எஸ்ஸில் இரவு 12.20 மணி 24:20:00 என எழுதப்படும். போஸ்ட்கிரெஸின் நேர வகை 24:00:00க்கு மேல் ஏற்காது. எனவே விநாடிகளாக மாற்றிச் சேமிப்பதே நல்லது. இன்னொன்று இதைவிடக் கள்ளமானது. மடிக்கணினி மலேசிய நேரத்தில் ஓடும், வாடகைச் சேவையகமோ பெரும்பாலும் யுடிசியில் ஓடும். பினாங்கில் திங்கள் காலை 6 மணி என்றால் அங்கே ஞாயிறு இரவு 10. விடிகாலைப் பயணிக்கு ஞாயிற்றுக்கிழமை அட்டவணை போய்ச் சேரும். எழுதியவரின் மேசையில் இந்தப் பிழை தலைகாட்டாமலே போகலாம். டாக்கரையும் யுடிசியிலேயே ஓட்டி, நாளைக் கணிக்கும் இடத்தில் மட்டும் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றினால் பிழை வீட்டிலேயே பிடிபடும்.

வண்டிகளின் இருப்பிடம் புரோட்டோபஃப் வடிவில் வருகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் அரசு ஏபிஐயைத் தட்டுவது முறையல்ல, அழைப்புகளுக்கு வரம்பும் உண்டு. சில மணி நேரத் தரவைக் கோப்பாகப் பதிந்து, அதையே திரும்ப ஓட்டிச் சோதிக்கலாம். சாதாரண வேலைநாள் பதிவு மட்டும் போதாது. தைப்பூசத்துக்கு முந்திய நாள் வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுகையில் சாலைகள் மூடப்பட்டுப் பேருந்துகள் வழி மாறும். வண்டி எப்போதும் தன் தடத்திலேயே இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல் எங்கே உடைகிறது என்பதை அந்த நாளின் பதிவு காட்டிவிடும்.