பேக்லோஃபென் கடந்து வந்த பாதை

மூளையில் காபா என்றொரு சிறு மூலக்கூறு நிறைய இருப்பதை அமெரிக்காவில் யூஜின் ராபர்ட்ஸ் 1950இல் அறிவித்தபோது, அது அங்கே என்ன செய்கிறது என்று எவருக்கும் தெரியாது. 1957இல் விடையின் முதல் நுனி கிடைத்தது. மாட்டு மூளையிலிருந்து எடுத்த சாறு, கிரேஃபிஷ் எனும் நன்னீர் ஓட்டுயிரியின் நரம்பணுவை ஓயவைத்தது. சாற்றில் அந்த வேலையைச் செய்த பொருள் காபாதான் என்று எர்ன்ஸ்ட் ஃபுளோரியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

நரம்பணுக்கள் கட்டுமீறித் துடிப்பதே வலிப்பு. அப்படியானால் காபாவையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே? கொடுத்தாலும் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் காபாவால் போதிய அளவில் கடக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் ஹைன்ரிஷ் கெபர்லே 1962இல் ஒரு வழி கண்டார். காபாவோடு குளோரின் ஏந்திய ஒரு கரிம வளையத்தைப் பொருத்தினார். அப்படிப் பிறந்ததுதான் பேக்லோஃபென்.

பிறந்த நோக்கத்தில் அது தோற்றது. வலிப்பு நோயாளிகளுக்கு எதிர்பார்த்த பலன் இல்லை. ஆனால் தசை விறைப்பால் அவதிப்பட்டவர்களுக்கு இறுக்கம் தளர்ந்தது.

முழங்கையை மடக்க ஒரு தசை சுருங்கினால் போதாது; எதிர்ப்பக்கத் தசை அதே நேரத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். விட்டுக்கொடுக்கும் ஆணை தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள அடக்கும் நரம்பணுக்களிலிருந்து வருகிறது. தண்டுவடம் அடிபட்டாலோ, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய் தாக்கினாலோ அந்தக் கட்டுப்பாடு குலைகிறது. கால் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும்; போர்வை உரசினாலே உதறும். குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் பார்த்துக்கொள்பவருக்கும் நோயாளிக்கும் வாதையாகும். இவர்களுக்காகவே பேக்லோஃபென் மாத்திரைக்கு அமெரிக்கா 1977இல் அனுமதி வழங்கியது.

மருந்து வேலை செய்தது. எங்கே போய் ஒட்டுகிறது என்பது மட்டும் புதிர். காபாவின் ஏற்பி ஒன்று அப்போதே தெரிந்திருந்தது. காபா ஒட்டியதும் அதுவே திறந்து குளோரைடு அயனிகளை உள்ளே விடும். சில மில்லிவினாடிகளில் காரியம் முடியும். பிக்குகுலின் என்ற பொருள் அந்த ஏற்பியை முடக்கிவிடும். லண்டனில் நார்மன் போவரி குழுவினர் கண்டது வேறு. பிக்குகுலின் இருந்தபோதும் காபா நரம்பு முனைகளின் சுரப்பைக் குறைத்தது, பேக்லோஃபெனும் குறைத்தது. 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் அவர்கள் இரண்டாவது ஏற்பியை நிறுவினார்கள். பழையது காபா-ஏ, புதியது காபா-பி என்றாயின.

காபா-பி தானே எந்த வாயிலையும் திறப்பதில்லை. காபாவோ பேக்லோஃபெனோ வந்து ஒட்டியதும், உட்புறத்தில் காத்திருக்கும் ஜி-புரதத்தை அது இரண்டு துண்டாகப் பிரிக்கிறது. பிரிந்த துண்டு ஒன்று அருகிலுள்ள கிர்க் எனப்படும் பொட்டாசியம் வாய்க்காலைத் திறக்கிறது. நரம்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. வாய்க்கால் திறந்தால் அது வெளியேறும். நேர்மின்னைச் சுமந்துகொண்டு போகும். ஓய்வு நிலையில் சுமார் −70 மில்லிவோல்ட்டில் இருக்கும் உட்புறம் மேலும் கீழிறங்கும். மின்துடிப்பு கிளம்ப −55 அளவுக்கு ஏறியாக வேண்டும். அந்த ஏற்றம் இப்போது இன்னும் தொலைவு. இந்த அடக்கம் மெதுவாகத் தொடங்கி நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகள் நீடிக்கும். நரம்பு முனையிலோ அதே துண்டு கால்சியம் வாய்க்காலைத் தடுக்கிறது. கால்சியம் நுழையாவிட்டால் அடுத்த அணுவுக்கான சமிக்ஞைப் பொருள் போதிய அளவு சுரக்காது.

கிர்க்கின் பங்கை 1997இல் எலிகள் உறுதிசெய்தன. கிர்க்-2 மரபணு இல்லாத எலிகளின் ஹிப்போகாம்பஸ் எனும் மூளைப் பகுதியில், சமிக்ஞை பெறும் அணுவைப் பேக்லோஃபென் அடக்கும் மின்னோட்டம் காணாமல்போனது. நரம்பு முனையில் அதன் வேலை குறையவில்லை. அதே ஆண்டு காபா-பி ஏற்பியின் மரபணுவும் கையில் சிக்கியது. கண்டெடுத்தவர்கள் பாஸலின் நோவார்டிஸ் ஆய்வாளர்கள். சீபாவின் வாரிசு நிறுவனம் அது. மருந்து பிறந்த ஊரிலேயே 35 ஆண்டுகள் கழித்து அதன் ஏற்பியும் அடையாளம் காணப்பட்டது. மறு ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது: அந்த ஏற்பி இரண்டு புரதங்களின் இணை. மருந்தைப் பற்றிக்கொள்வது ஒன்று. அந்த முதல் புரதத்தை அணுவின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, ஜி-புரதத்துக்குச் செய்தி சொல்வது மற்றது.

இதற்கிடையே மருந்து இன்னொரு வழியிலும் பயணப்பட்டது. மாத்திரையில் பெரும்பகுதி மூளையையும் தண்டுவடத்தையும் சென்றடையாது. அளவைக் கூட்டினால் தூக்கமும் தளர்ச்சியும் மிகும். சிகாகோவில் ரிச்சர்ட் பென் 1984இல் அதை நேரடியாகத் தண்டுவட நீரில் செலுத்திப் பலன் கண்டார். இன்று வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு பம்பு, மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக அதை அனுப்புகிறது. வாய்வழி மில்லிகிராம் கணக்கில் தேவைப்பட்டது இங்கே மைக்ரோகிராம் கணக்கில் போதும்.

ஓய்வு என்பது மூளை சும்மா இருப்பதல்ல. ஏற்பியும் வாய்க்காலும் சேர்ந்து கணத்துக்குக் கணம் செய்யும் உழைப்பு. அதில் தலையிடும் மருந்துக்கு அளவுதான் எல்லாம். விறைப்பின் பலத்தில்தான் சிலர் எழுந்து நிற்கிறார்கள். அதை முழுக்கத் தளர்த்தினால் அந்த நிற்பும் போகும். பேக்லோஃபெனைப் பெரும்பாலும் சிறுநீரகமே வெளியேற்றுவதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாதாரண அளவே நினைவைக் குழப்பும். நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் அடக்கம் ஒரேயடியாக விலகும். விறைப்பு பன்மடங்காகத் திரும்பும், மாயக்காட்சிகள் தோன்றும், வலிப்பும் வரலாம். பம்பில் மருந்து தீர்ந்துபோனால் உயிருக்கே ஆபத்து. எனவே குறைப்பதும் நிறுத்துவதும் படிப்படியாக, மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.