மீன் இல்லாத ஓடையின் ராஜா

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியின் ஆஷ்டவுன் காட்டில் ஓடும் பிராட்ஸ்டோன் என்ற சின்ன ஓடையின் கதையும் அதுதான். மீன் இல்லாத அந்த ஓடையில் ஒரு புழு ராஜாவாக இருந்தது!

புழுவின் பெயர் பிளெக்ட்ரோக்னீமியா கான்ஸ்பெர்ஸா. பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். காடிஸ் ஈ என்னும் பூச்சிக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. பெயரில்தான் ஈ, நெருங்கிய சொந்தம் என்னவோ வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும்தான். வளர்ந்ததும் பறக்கும், ஆனால் புழுப்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள். பல காடிஸ் புழுக்கள் மணலையும் குச்சியையும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே திரியும். இது அப்படியல்ல. அதே பட்டு நூலால் வலை பின்னி, சிலந்தி மாதிரி காத்திருக்கும். வலை அதிர்ந்தால் பாய்ந்து பிடிக்கும்.

1970களில் ஆலன் ஹில்ட்ரூ, காலின் டவுன்சென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஓடையை எடுத்துக்கொண்டார்கள். இங்கே உயிரினங்கள் குறைவு. எனவே யார் யாரைத் தின்கிறார்கள் என்று கணக்குப் போடுவது சுலபம். இந்தக் காடிஸ் புழுவும், சியாலிஸ் என்ற இன்னொரு பூச்சியின் புழுவும்தான் அங்கே பெரிய வேட்டைக்காரர்கள். இந்த இரண்டைப் பற்றிய அவர்களது கட்டுரை 1976-ல் வெளியானது.

அதே 1976-ல் எரிக் சார்னோவ் என்பவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். வணிகவியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான 'இறுதிநிலை' கணக்குதான்! ஓரிடத்தில் கிடைக்கும் வரும்படி, மொத்தச் சராசரி அளவுக்கு இறங்கிவிட்டால் விலங்கு அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட கணக்கு ஒரு புழுவுக்குத் தெரியுமா? 1980-ல் டவுன்சென்டும் ஹில்ட்ரூவும் சோதித்துப் பார்த்தார்கள். இரை கிடைத்த புழு வலையை விட்டு நகரவில்லை. பட்டினி கிடந்த புழு, பட்டு நூலைச் செலவழித்துப் போட்ட முதலீட்டையும் விட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போனது. யாரும் கட்டளையிடாமலே, இரை அதிகமுள்ள இடத்தில் புழுக்களும் அதிகம் சேர்ந்துவிடுவது இதனால்தான்.

சரி, அங்கே மீன் ஏன் இல்லை? தண்ணீரில் அமிலம் அதிகம். அந்த மண்ணே இயல்பில் அமிலத்தன்மை கொண்டது. அதோடு நிலக்கரிப் புகையில் கலந்த கந்தகம் அமில மழையாக இறங்கியது. அந்தத் தண்ணீரில் மீனால் வாழ முடியவில்லை. ஆக, புழுவின் கிரீடத்தில் புகைபோக்கிகளுக்கும் ஒரு பங்கு உண்டு!

எல்லை தாண்டிப் பரவும் காற்று மாசைக் குறைக்க 1979-ல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டனில் கந்தகப் புகை அடுத்தடுத்த ஆண்டுகளில் குறைந்தது. ஓடையின் அமிலத்தன்மையும் மெல்ல மெல்ல இறங்கியது. 1990களின் நடுவில் பொன்வளையத் தும்பி என்ற பெரிய தட்டான் வகை அங்கே குடியேறியது. அதன் நீர்வாழ் பருவம் காடிஸ் புழுவையே தின்னக்கூடியது. 2000களில் டிரவுட் மீனும் வந்து சேர்ந்தது. ராஜா இப்போது வேறொருவரின் சாப்பாடு.

மாசு குறைந்தவுடன் மறுநாளே மீன் வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பல வருடங்கள் ஆயின. 1976-ல் மட்டும் ஓடையைப் பார்த்துவிட்டு ஆய்வாளர்கள் கிளம்பியிருந்தால், இந்த ஓடை என்றைக்கும் புழுவின் ராஜ்யம்தான் என்று உலகம் நம்பியிருக்கும். இருப்புநிலைக் குறிப்பு ஒரே ஒரு நாளின் நிலவரத்தைத்தான் சொல்லும். தொழில் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் பல வருடக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓடையில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் புழுக்களை எண்ணியவர்கள் செய்தது அதைத்தான்.