நச்சு மூலிகைகளும் சுத்தி முறையும்

அப்படியே உள்ளே போனால் ஆளைச் சாய்த்துவிடும், பக்குவப்படுத்திக் கொடுத்தால் நோயைத் தீர்க்கும் என்று சித்த, ஆயுர்வேத நூல்கள் தனியே பிரித்து வைத்திருக்கும் தாவரங்களே நச்சு மூலிகைகள். எட்டி, நாபி, சேராங்கொட்டை, கலப்பைக்கிழங்கு, ஊமத்தை, குன்றிமணி, நேர்வாளம், அரளி, கள்ளி வகைகள் எல்லாம் இதில் அடங்கும். கொடிய நஞ்சும் முறையாகக் கையாண்டால் மருந்து, நல்ல மருந்தும் முறை தவறினால் நஞ்சு என்ற கருத்து சரக சம்ஹிதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான அகத தந்திரம் முழுக்க நஞ்சுக்கே ஒதுக்கப்பட்டது.

சட்டமும் இவற்றைக் கவனித்திருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் இ(1) என்றொரு அட்டவணை உண்டு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் புழங்கும் நச்சுச் சரக்குகளின் பட்டியல் அது. அவற்றில் ஒன்று சேர்ந்த உள்மருந்து என்றால், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியின்மேல் இருந்தாக வேண்டும். சித்தப் பட்டியலில் தில்லையும் இருக்கிறது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வளரும் இந்த மரத்தின் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குப் பழைய பெயரைத் தந்ததும் இதே மரம்தான். கோயில் நகரம் ஒன்று நச்சு மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பதை யாரும் விந்தையாக நினைப்பதில்லை.

இந்த மருத்துவத்தின் உயிர்நாடி சுத்தி. மண்ணும் தூசும் போகக் கழுவுவதை இச்சொல் குறிக்காது. சரக்கின் வேகத்தை அடக்கும் அடுப்படி வேலை அது. சாணநீரில் அவிப்பது, கோமியத்தில் ஊறப்போடுவது, பாலில் வேகவைப்பது, மோரில் போட்டு உலர்த்துவது, செங்கல் தூளில் புரட்டுவது, நெய்யில் வறுப்பது என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வழி. ‘சரக்கு சுத்தி செய்முறைகள்’ என்று சித்த மருத்துவ மாணவர்களுக்கு இதற்கென்றே ஒரு நூல் இருக்கிறது. கேட்பதற்குச் சடங்கு போலத் தோன்றினாலும் இந்த முறைகள் பலவற்றில் நேரான வேதியியல் உண்டு.

நாபியில் அது பளிச்சென்று தெரியும். இமயமலைச் சரிவுகளில் வளரும் இந்தச் செடியின் கிழங்கு கன்றின் தொப்புள் போல இருப்பதால் வடமொழியில் வத்சநாபம். தமிழில் அது வச்சநாபி, நாவி என்றெல்லாம் ஆகிவிட்டது. இதிலுள்ள அக்கோனிடைன், நரம்பிலும் இதயத் தசையிலும் இருக்கும் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு இதயம் தாளம் தப்பும். கிழங்கை ஊறவைத்து நெடுநேரம் வேகவைத்தால் அக்கோனிடைன் நீரோடு வினைபுரிந்து உடைகிறது. முதலில் பென்சாயில் அக்கோனைன், பிறகு அக்கோனைன் என்று படிப்படியாக வீரியம் இறங்குகிறது. வேக்காடு குறைந்தால் நஞ்சு மிஞ்சும். பழைய வைத்தியர்கள் நேரத்தில் கறாராக இருந்ததற்கு இதுவே காரணம். சீன மருத்துவர்களும் இதே இனத்துக் கிழங்குகளை வேகவைத்துத்தான் கையாள்கிறார்கள்.

எட்டியின் கதை இன்னும் நீளம். கருமியின் பணத்தை ஊர் நடுவே பழுத்த நச்சு மரத்தோடு ஒப்பிடும் குறள் ஒன்று உண்டு. அது எந்த மரம் என்று கேட்டால் தமிழ்நாட்டு மனிதர் எட்டியைத்தான் காட்டுவார். ஆரஞ்சுப் பழம் போலவே உருண்டு, மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் பழுத்துத் தொங்கும். ஓட்டை உடைத்தால் வெளுத்த கூழ். கூழுக்குள் தட்டையான கொட்டைகள். கழுவிக் காயவைத்த கொட்டை சாம்பல் நிறத்தில் கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும். மேலே பட்டு நூல் படிந்தது போல ஒரு மினுமினுப்பு. அது உண்மையில் நெருக்கமாகப் படுத்திருக்கும் நுண்ணிய மயிர். தரையில் போட்டு உடைக்கப் பார்த்தால் உடையாது, கொம்பு போல அவ்வளவு கெட்டி.

கசப்புக்கு அளவுகோலே எட்டிதான். கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னைன் லட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். 1818-இல் பிரான்ஸ் நாட்டின் பெல்லெத்தியே, காவந்தூ இருவரும் எட்டியின் உறவுத் தாவரத்திலிருந்து இதைப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டில் புரூசின் பிடிபட்டது. தண்டுவடத்தில் கிளைசின் என்ற பொருள் தசைகளுக்குக் கடிவாளமாக இருக்கிறது. ஸ்ட்ரிக்னைன் அந்தக் கடிவாளத்தை அறுத்துவிடுகிறது. சின்ன ஓசை கேட்டாலும், யாராவது தொட்டாலும் உடல் முழுவதும் வெட்டி இழுத்து வில்லாக வளையும். நினைவு மட்டும் தப்பாது, அதுதான் கொடுமை. தனுர்வாதமும் இதே போலத் தோன்றுவதற்குக் காரணம், அந்தக் கிருமியின் நஞ்சும் அதே கடிவாளத்தில்தான் கை வைக்கிறது.

நரம்பை முறுக்கும் இந்தக் குணத்தையே மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். பக்கவாதம், கைகால் மரத்துப்போதல், தளர்ச்சி, வாத வலி ஆகியவற்றுக்குச் சுத்தி செய்த எட்டிக்கொட்டை சேர்ந்த மருந்துகள் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உள்ளன. மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் இது ஊக்க மருந்தாகவே ஓடியது. 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் ஸ்ட்ரிக்னைனையும் முட்டை வெள்ளைக்கருவையும் பிராந்தியையும் கொடுத்து ஓடவைத்தார்கள். அவர் தள்ளாடித் தள்ளாடி எல்லையைத் தொட்டுத் தங்கம் வாங்கினார். இன்னொரு வேளை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

எட்டிக்கொட்டையின் சுத்தி பொறுமையைச் சோதிக்கும் வேலை. பரவலாக உள்ள முறையில் கொட்டையை ஏழு நாள் கோமியத்தில் ஊறப்போட்டு, தினமும் பழையதைக் கொட்டிப் புதியதை ஊற்றுகிறார்கள். கொம்பாக இருந்த கொட்டை ஊறி உப்பி மெதுவாகும். பிறகு துணியில் முடிந்து, பால் ஊற்றிய பானையின் நடுவில் அடியில் படாமல் தொங்கவிட்டுப் பல மணி நேரம் எரிக்கிறார்கள். இதற்குத் துலாயந்திரம் என்று பெயர். வெந்ததும் மேல்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுவிலிருக்கும் முளையைக் கிள்ளி எறிந்து, பருப்பை நெய்யில் வறுத்து இடிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் ஸ்ட்ரிக்னைனும் புரூசினும் குறைந்திருப்பது தெரிகிறது. ஒரு பகுதி ஊறல் நீரிலும் பாலிலும் இறங்கிவிடுகிறது. எவ்வளவு குறையும் என்பது கொட்டைக்குக் கொட்டை, கைக்குக் கை மாறும். பானையில் மிஞ்சிய பால் நஞ்சு. அதை நாய் பூனைக்குக்கூட எட்டாமல் புதைத்துவிடுவதே நல்லது.

சேராங்கொட்டைக்கு வண்ணார் சமூகத்தோடு பழைய உறவு. கரிய இதய வடிவக் கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் எண்ணெயால் துணியில் வீட்டுக்கு வீடு தனிக்குறி இடுவார்கள். சுண்ணாம்பு பட்டதும் கறுத்து நிலைத்துவிடும், எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குச் சட்டைக் குறி படும் இடத்தில் தோல் சிவந்து கொப்பளித்தது. தேடிப் பார்த்ததில் அகப்பட்டது இந்தக் கொட்டை. அமெரிக்காவின் நச்சுக்கொடியிலும் ஜப்பானின் அரக்கு மரத்திலும் இருக்கும் அதே குடும்பத்து எண்ணெய்தான் இதிலும். மாவும் முந்திரியும் ஒரே குலம். முந்திரிக்கொட்டையைப் பச்சையாகக் கடித்து உதடு பொத்துப்போனவர்களுக்கு இது புதிதல்ல.

எண்ணெய் ஓட்டில் இருப்பதால் சுத்தியும் ஓட்டைக் குறிவைக்கிறது. மூக்கைச் சீவி, செங்கல் தூளில் போட்டுத் தேய்த்தால் தூள் எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கும். தேய்ப்பவர் கையில் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்ள வேண்டும். சரகர் இதைக் காயகற்பங்களில் ஒன்றாகச் சொல்லி, உண்பவர் வாயின் உட்புறம் நெய் தடவிக்கொள்ள வேண்டும் என்கிறார். சித்தத்தில் சேராங்கொட்டை நெய் தோல் நோய்களுக்கும் வாத நோய்களுக்கும் பேர்பெற்றது. இருந்தாலும் சிலருடைய உடம்பு இதை ஏற்கவே ஏற்காது. ஒவ்வாமை என்பதால், சிறிது கொடுத்தாலும் கொப்பளம் வந்துவிடும். எத்தனை சுத்தி செய்தாலும் இந்த ஆபத்து முழுவதும் விலகுவதில்லை.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் நீண்ட பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. அதன் கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைக்கிழங்கு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு அது கண்வலிக்கிழங்கு. அங்கே கம்பிப் பந்தலில் ஏற்றி ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள், விதைக்காக. இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு ஒரு பக்கமாக மடங்கி நிற்கும்; தானாகக் காய்ப்பது குறைவு. அதனால் காலை வெயில் ஏறுமுன் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைக்கிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கைத்தொடல். காய் வெடித்து வரும் செந்நிற விதை, மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

விதையிலும் கிழங்கிலும் இருப்பது கால்சிசின். செல்லுக்குள் சாரம் கட்டியது போல நிற்கும் நுண்குழல்களை அது கட்டவிடாமல் தடுக்கிறது. வெள்ளணுக்கள் வீக்கம் கண்ட மூட்டுக்கு ஓடிச் சேர முடியாது. ஆகவே யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாத வலி அடங்கும். 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குறைந்த அளவு கால்சிசினை இதய நோயாளிகளுக்கும் அனுமதித்தது. நுண்குழல் இல்லாவிட்டால் செல் பிளவுபடவும் முடியாது. விதையில்லாத் தர்ப்பூசணிக்கு வேண்டிய, நிறமூர்த்தம் இருமடங்கான செடியை உண்டாக்கியதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். நஞ்சாகும்போதும் இதுவே நடக்கிறது: சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் காலரா போல வாந்தியும் பேதியும், பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழத்தல், பிழைத்தவருக்கு ஓரிரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிரும். வேகமாகப் பிளவுபடும் செல்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அடி விழுகிறது. பழைய முறையில் கிழங்கை வில்லைகளாக அரிந்து இரவில் உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்துவார்கள். கால்சிசின் நீரில் கரையக்கூடியது என்பதால் மோரோடு ஒரு பங்கு போய்விடும்.

ஊமத்தைக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. கம்பெனி காலத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தை இனச் செடியைப் புகைத்தால் இரைப்பு தணிவதை இங்கே கற்றுத் தன் நோயாளிகளுக்கும் பரிந்துரைத்தார். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு ஐரோப்பியக் கடைகளில் ஆஸ்துமா சிகரெட்டுகள் நூறாண்டுக்கு மேல் விற்றன. ஊமத்தையிலுள்ள அட்ரோபினைத் திருத்தி உருவாக்கிய இப்ராட்ரோபியம் இன்றும் இழுப்பு மருந்துக் குப்பிகளில் இருக்கிறது. பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவரை அரசு மருத்துவமனையில் காப்பாற்றுவதும் அட்ரோபின் ஊசிதான். வாய் நுரை வற்றி, நெஞ்சின் நீர் காயும்வரை ஏற்றுவார்கள். வரப்போரத்து ஊமத்தையை அப்படியே தின்றால் அதே உலர்தல் எல்லை மீறிப் போய், கண்மணி விரிந்து பித்துப் பிடித்தது போலாகும். சித்த வைத்தியர்கள் இதை வெளிப்பூச்சாகவே அதிகம் நம்பினார்கள். ஊமத்தை இலைச்சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் துருசு சேர்த்த மத்தன் தைலம், கிளிப்பச்சை நிறத்தில், ஆறாத புண்களுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நேர்வாளம் கடும் பேதி மருந்து, அகத்தியர் குழம்பில் சேர்வது. அதன் எண்ணெயிலுள்ள போர்பால் சேர்மங்கள் புற்றுநோயைத் தூண்டுபவை என்பதால் ஆய்வுக்கூடங்களில் பெயர் பெற்றன. குன்றிமணியின் ஆப்ரின் செல்லின் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். ஆனாலும் பவுல் எர்லிக் 1891-இல் எலிகளுக்கு அதைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத்தான் நோயெதிர்ப்பு பற்றிய தன் முதல் பாடங்களைப் படித்தார். ஆப்ரின் புரதம், சூட்டில் கெட்டுவிடும். பாலில் வேகவைக்கச் சொன்ன முறை இங்கே சரியாகப் பொருந்துகிறது. கள்ளிப்பாலும் மஞ்சளும் நாயுருவி உப்பும் ஏற்றிய காரநூல் பவுத்திரத்தை அறுத்து ஆற்றுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே அதைப் பல மையங்களில் சோதித்து 1991-இல் முடிவு வெளியிட்டது.

இந்தப் பட்டியல்களுக்கு ஒரு குறையும் உண்டு. வாந்தி, வலிப்பு, கொப்பளம் என்று உடனே முகம் காட்டிய நஞ்சுகளை முன்னோர் பிடித்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் மெல்லக் கொல்வது அவர்கள் கணக்கில் வரவில்லை. புழுக்கொல்லியாகவும் விஷக்கடி மருந்தாகவும் நம்பப்பட்ட ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தவை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் நூறு பேரளவில் சிறுநீரகம் கெட்டுப்போனது. மாத்திரையில் தவறாகச் சேர்ந்திருந்தது அந்த இனத்துச் சீன மூலிகை ஒன்று. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும் என்று பிறகு உறுதியானது. வேகவைத்தோ ஊறவைத்தோ நம்பிக் கொடுக்கத்தக்க சுத்தி இதற்குக் கிடையாது.

ஆடு மட்டும் முதலிலேயே விலகிப் போயிருக்கிறது. செடியின் பெயரிலேயே அது பதிவாகியிருக்கிறது. இதைத் தேடி வந்து தின்பது ஒரு புழு. சிவந்த உடலும் கரிய சிறகும் கொண்ட வால்சிறகு வண்ணத்துப்பூச்சி இந்த இலையில் முட்டையிடும். புழு தின்ற அமிலம் பூச்சியின் உடம்பிலும் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை தின்று வளரும் இன்னொரு வண்ணத்துப்பூச்சிக்கு நஞ்சு ஏதும் கிடையாது. அதன் பெண்களில் ஒரு வகை மட்டும் அதே கரிய சிறகும் சிவப்புப் புள்ளியுமாகத் தோட்டத்தில் தைரியமாகப் பறந்து திரிகிறது.