மார்பகப் பேஜட் நோய்

முலைக்காம்பின் தோலில் வெளிப்படும் அரிய வகைப் புற்றுநோய் மார்பகப் பேஜட் நோய் எனப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 முதல் 4 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. பெரும்பாலும் 50 வயதைக் கடந்த பெண்களிடம் காணப்படுகிறது. மிக அரிதாக ஆண்களுக்கும் வருவதுண்டு.

லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1874இல் இந்நோயை விவரித்தார். முலைக்காம்பில் நாட்பட்ட புண் இருந்த சுமார் 15 பெண்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் புற்றுநோய் தோன்றியதை அவர் பதிவுசெய்தார். அவர் பெயரிலேயே வழங்கும் எலும்பு நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

முலைக்காம்பின் மேல்தோலுக்குள் வெளிறிய, பெரிய புற்றணுக்கள் பரவியிருப்பதே நோயின் அடையாளம். மார்பகத்தின் உள்ளே பால்நாளத்தில் உருவான புற்றணுக்கள் நாளத்தின் வழியாகவே தோலை வந்தடைகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் உள்ளேயும் புற்று இருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. எஞ்சிய சிலரிடம் அப்படி எதுவும் தென்படாததால், முலைக்காம்பின் அணுக்களே புற்றாக மாறக்கூடும் என்ற கருத்தும் உள்ளது.

நமைச்சல், எரிச்சல், சிவத்தல், செதில் உதிர்தல் ஆகியவற்றுடன் நோய் தொடங்குகிறது. பின்னர் நீரோ இரத்தமோ கசியலாம், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டி எதுவும் கையில் தட்டுப்படாது. பார்வைக்குக் கரப்பான் போலவே இருப்பதால் களிம்பு பூசியே மாதக்கணக்கில் கழிந்துவிடுகிறது. ஸ்டீராய்டு களிம்பால் சிவப்பு சற்றுத் தணிவதும் உண்டு; இந்தத் தற்காலிகத் தணிவுதான் நோயாளியையும் மருத்துவரையும் ஏமாற்றுகிறது. கரப்பான் பெரும்பாலும் இரு மார்பகங்களிலும், காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும். பேஜட் நோயோ ஒரு பக்கத்தில் மட்டும், காம்பில் தொடங்கிக் கருவட்டத்துக்குப் பரவும். ஒரு பக்கக் காம்பில் சில வாரங்களாக ஆறாத புண் இருந்தால் திசுப் பரிசோதனை தேவை.

காம்பின் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதே நோயை உறுதிசெய்யும். உள்ளிருக்கும் புற்றைத் தேட மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்கப்படுகின்றன. அவற்றில் எதுவும் தெரியாதபோது எம்ஆர்ஐ உதவுகிறது.

முன்பு மார்பகம் முழுவதையும் அகற்றுவதே வழக்கமாக இருந்தது. புற்று காம்பையொட்டிய பகுதியோடு நின்றிருந்தால் காம்பையும் கருவட்டத்தையும் அடித்திசுவோடு நீக்கி, கதிர்வீச்சு அளிப்பது இன்று போதுமானதாகிறது. ஊடுருவும் புற்று இருந்தால் அக்குள் நிணநீர்முடிச்சுகளும் சோதிக்கப்படும். ஹெர்-2 புரதம் மிகுந்த புற்றுகள் இந்நோயில் அதிகம். அவை ஊடுருவும் வகையாக இருப்பின் டிராஸ்டுசுமாப் மருந்து பயன்படுகிறது. நோயாளி எந்த அளவுக்குக் குணமடைவார் என்பதை, தோலில் தெரியும் புண்ணைவிட உள்ளிருக்கும் புற்றின் தன்மையும் பரவலுமே தீர்மானிக்கின்றன.