தக்காளிக்காயும் ஒரு கை உப்பும்

சரித்திரம் என்றதும் கோட்டை கொத்தளங்களும் குதிரைப் படைகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ சில நாட்களாக ஒரு பீங்கான் ஜாடி நினைவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதன் வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருக்கும். உள்ளே இருப்பது தக்காளிக்காய் ஊறுகாய். போட்டவர் என் அத்தை. வாணியம்பாடிக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவருக்கு வாழ்க்கைப்பட்ட வீடு.

"தக்காளிப் பழம் தெரியும், அது என்ன தக்காளிக்காய்?" என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கக்கூடும். கொல்லையில் செடி வைத்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. ஐப்பசி மேகம் திரண்டுவிட்டால் அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. அடைமழையில் தக்காளி வெடித்து, செடியிலேயே அழுகிவிடும்.

"மழை தின்னுறதுக்கு முந்தி நாம தின்னுடணும்டா" என்று சொல்லிக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் பின்னாலேயே ஓடுவேன்.

கொண்டுவந்த காய்களை மூன்றாகப் பிரிப்பார். பச்சை வெளிறி, அடியில் லேசாக நிறம் திரும்பியவை வைக்கோல் பரப்பிய கூடைக்குள் போகும். பழுக்கும் காயிலிருந்து எத்திலீன் என்ற வாயு கிளம்பி மற்றக் காய்களையும் பழுக்கச் செய்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அத்தைக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் ஒரு பழத்தை நடுவில் வைக்க வேண்டும் என்பது தெரியும். பிஞ்சும் நடுத்தரமும் பாசிப்பருப்போடு சேர்ந்து அன்றைக்கே கூட்டாகிவிடும். முற்றிய பச்சைக் காய்கள்தான் ஜாடிக்கு.

அவற்றை ஈரம் போகத் துடைத்து, நாலாக நறுக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று நாள் குலுக்கிக் குலுக்கி வைப்பார். வெயில் தலைகாட்டினால் துண்டுகளை ஒரு நாள் காயவைப்பார். இல்லாவிட்டால் எண்ணெயில் சுருள வதக்கிவிடுவார். பிறகு புளி, மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயம், பெருங்காயம். மேலே நிற்கும்படி காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம்தான். ஆகவே காரத்துக்குப் பஞ்சமில்லை.

இத்தனை உரிமையோடு நாம் கையாளும் இந்தக் காய் நம் ஊர்க் காயே அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம் பிறந்து, மெக்ஸிகோவில் வளர்ந்து, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பா சேர்ந்தது. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள் என்பார்கள். 'தக்காளி' என்ற பெயர் மட்டும்தான் நம்முடையது. வேலியோரத்தில் காகித உறை போன்ற தோலுக்குள் காய்க்கும் ஒரு சிறு செடிக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தது. புதிதாக வந்ததைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளடைவில் 'சீமை' உதிர்ந்துவிட்டது. ஆனாலும் சிராத்தச் சமையலில் பல வீடுகளில் இன்றும் அதற்கு அனுமதி கிடையாது!

இதற்குப் பதில் மொய் போல நாமும் ஒன்றைச் சீமைக்கு அனுப்பினோம். அதுதான் சட்னி. இங்கிலாந்தில் கோடை குறுகியது. உறைபனி விழுந்தால் தக்காளிச் செடி கருகிவிடும். பழுக்காமல் நின்ற காய்களை வினிகரும் சர்க்கரையும் வெங்காயமும் சேர்த்துக் காய்ச்சி, 'சட்னி' என்ற நம் ஊர்ப் பெயரோடு குளிர்காலத்துக்கு எடுத்து வைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில், 1940 ஜனவரியில் அங்கே சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது. தோட்டத்தில் விளைந்த எதையும் வீணாக்காதே என்பது அப்போது தேசபக்தியாகவே ஆகிவிட்டது. அவர்களுக்குப் பனி, நமக்கு மழை. பயம் வேறு, ஜாடி ஒன்றுதான்.

அவர்கள் வினிகரை நம்பினார்கள். அத்தை உப்பை நம்பினார். உப்பை அளக்க அவரிடம் படி கிடையாது, கைதான். "பதம் தப்பினா எல்லாம் போச்சு" என்பார். இந்தப் 'பதம்' என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் வேறோர் இடத்திலும் கேட்கலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடுவது காயை அல்ல, தோலை. அங்கேயும் முதல் வேலை உப்புக்குத்தான். உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவித்தான் தோல் ஷாப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதை ஊறவைத்து உப்பைக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தை நோக்கித்தான் போகும், பாலாறுதான் பள்ளம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. உப்போடு அதுவும் சேர்ந்துகொண்டது.

1980-களில் ஒரு விடுமுறைக்குப் போயிருந்தேன். கொல்லைத் தக்காளி கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. இலைகளின் ஓரம் கருகியிருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டேன், கரித்தது.

"பார்த்தியாடா, ஊறுகாய்க்கு நான் போடவேண்டிய உப்பை எவனோ கிணத்துக்குப் போட்டுட்டான்" என்றார் அத்தை.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அந்தத் தெருவிலேயே பாதி வீடுகளில் தோல் ஷாப் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அதில் ஒரு கணக்கு வருகிறது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு எழுத ஒரு நாள் போதும். மண்ணிலிருந்து உப்பு இறங்கத் தலைமுறைகள் வேண்டும் போலிருக்கிறது.

அத்தையைக் கடைசியாகப் பார்க்கச் சென்றபோது திருப்பத்தூர் தனி மாவட்டமாகியிருந்தது. அது 2019 நவம்பரில் நடந்தது. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தக்காளிக்காயைச் சந்தையில் வாங்கிவரச் சொல்லி ஜாடியை நிரப்பியிருந்தார். ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "உப்பு சரியா இருக்கா பாரு" என்றார்.

சரியாக இருந்தது. கை பதம் மாறவே இல்லை.

காரம் உச்சியில் ஏறி, நான் தண்ணீர் கேட்டேன். அத்தை எழுந்து, கிணற்றுப் பக்கம் திரும்பாமல், கூடத்து மூலைக்குப் போய், கடையில் வாங்கி வைத்திருந்த கேனிலிருந்து ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.