இந்தியத் தேசிய அணிகளின் சீருடை வடிவமைப்பு

இந்தியத் தேசிய அணிகளின் சீருடை வடிவமைப்பு என்பது பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்குபெறும் வீரர், வீராங்கனையருக்கான உடைகளின் நிறம், துணி, வெட்டு, சின்னங்கள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பணியாகும். இச்சீருடைகள் இரு வகைப்படும். ஆட்டத்தின்போது அணிவது களச் சீருடை. தொடக்க விழா அணிவகுப்பில் அணிவது விழாச் சீருடை. களச் சீருடை ஆட்ட விதிகளுக்கும் உடலசைவுக்கும் கட்டுப்பட்டது. விழாச் சீருடைக்குக் கட்டுப்பாடுகள் குறைவு. எனவே ஒரு நாடு தன்னை உலகின் முன் எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறது என்ற கேள்வி விழாச் சீருடையிலேயே வெளிப்படையாக எழுகிறது. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் இந்திய அணியின் உடையில் நெய்த வேலைப்பாட்டுக்கு மாற்றாக அச்சிட்ட வேலைப்பாடு இடம்பெற்றது விவாதத்துக்கு உள்ளானது. காஞ்சிபுரம் போன்ற கைத்தறி ஊர்களின் உழைப்புக்குத் தேசியச் சீருடையில் இடம் உண்டா என்பது அவ்விவாதத்தின் உட்பொருள் ஆகும்.

களச் சீருடை

களச் சீருடையில் அழகுக்கு முன் பயன்பாடு வருகிறது. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்கக் காற்பந்து ஆகும். இவ்விளையாட்டில் தேசிய அணிகளுக்கான உலகப் போட்டி முதன்முதலில் 1999 ஆம் ஆண்டு இத்தாலியின் பலெர்மோ நகரில் நடைபெற்றது. வீரர்கள் தலைக்கவசமும் தோள் பட்டைக் காப்பும் அணிவர். மேற்சட்டை அக்காப்பின் மேல் இறுக்கமாகப் படிய வேண்டும். தளர்ந்து தொங்கினால் எதிரணியினர் அதைப் பிடித்து இழுப்பது எளிதாகிவிடும். முன்னும் பின்னும் பெரிய எண்கள் இருத்தல் கட்டாயம். இவ்வெண்கள் வீரரை அடையாளம் காட்டுவதோடு, ஆட்டத்தில் அவருடைய பணியையும் நடுவருக்கு அறிவிக்கின்றன. 50 முதல் 79 வரையிலான எண்களை அணிந்தவர்கள் பொதுவாக முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பெற உரிமையற்ற முன்வரிசையினர் ஆவர்.

மேற்சட்டையின் பெரும்பகுதியை எண்களே எடுத்துக்கொள்வதால், நாட்டின் அடையாளத்துக்கு எஞ்சுவது சிறிய இடமே. அது நிறத்திலும், கைப்பகுதிக் கோடுகளிலும், தலைக்கவசத்தில் ஒட்டப்படும் சின்னத்திலும் வெளிப்படுத்தப்படுகிறது. கொடியை அப்படியே சட்டையில் வரைந்தால் எண்கள் தெளிவாகத் தெரியாது. தேசிய அணிச் சீருடையை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுவே.

நிற வேறுபாடு

இரு அணிகளின் நிறங்கள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் கூடாது என்பது பெரும்பாலான குழு விளையாட்டுகளின் விதி. இந்தியத் துடுப்பாட்ட, காற்பந்து, வளைதடிப் பந்தாட்ட அணிகளின் நிறமாக நீலம் அறியப்படுகிறது. தேசியக் கொடியின் மூன்று பட்டைகளில் நீலம் இல்லை. நடுவிலுள்ள அசோகச் சக்கரமே நீல நிறமுடையது.

2019 துடுப்பாட்ட உலகக்கிண்ணத்தில், சூன் 30 அன்று பர்மிங்காம் எட்ச்பாசுடன் திடலில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதின. இரு அணிகளின் உடையும் நீலமாக இருந்தமையால் இந்திய அணி செம்மஞ்சள் கலந்த மாற்றுச் சீருடை அணிந்தது. விதியின் பொருட்டு நிகழ்ந்த இம்மாற்றம், காவி நிறம் குறித்த அரசியல் விவாதமாக இந்தியாவில் மாறியது. சீருடையின் நிறத்தை மக்கள் வெறும் நிறமாகக் காண்பதில்லை என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

விழாச் சீருடை

விதிகள்

ஒலிம்பிக் சாசனத்தின்படி, அணியினரின் உடையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கே உண்டு. இந்தியாவில் இது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் பொறுப்பு ஆகும். போட்டியின் முடிவைப் பாதிக்கக்கூடிய தனித்திறக் கருவிகள் மட்டும் இவ்வதிகாரத்துக்கு உட்படுவதில்லை. உடையில் விளம்பரம் இடம்பெறுதல் கூடாது. தயாரிப்பாளரின் அடையாளம் மட்டும் சிறிய அளவில் அனுமதிக்கப்படுகிறது.

ஆதரவு நிறுவனங்களைத் தெரிவு செய்வதில் அரசியல் சூழலும் பங்கு வகிக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 2021 சூனில், சீன நிறுவனமான லீ-நிங்குடனான உடை ஒப்பந்தத்திலிருந்து இந்திய ஒலிம்பிக் சங்கம் விலகியது.

வரலாறு

1936 பெர்லின் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்திய அணியினர் வெளிர் நீலத் தலைப்பாகை அணிந்து அணிவகுத்தனர். தியான் சந்த் கொடி ஏந்தினார். அக்கொடி பிரித்தானிய இந்தியாவின் கொடியாகும். ஆகத்து 15 அன்று நடைபெற்ற வளைதடிப் பந்தாட்ட இறுதி ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் வீரர்கள் காங்கிரசின் மூவண்ணக் கொடியை வணங்கியதாகக் கூறப்படுகிறது. அவ்வாட்டத்தில் இந்தியா செருமனியை 8-1 என்ற கணக்கில் வென்றது. ஒரு கொடியின் கீழ் அணிவகுத்து, வேறொரு கொடியை மனத்தில் கொண்டு ஆடிய காலம் அது.

விடுதலை பெற்ற நாடாக இந்தியா முதன்முதலில் பங்கேற்றது 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆகும். காற்பந்து அணித்தலைவர் தாலிமெரன் ஆவ் கொடி ஏந்தினார். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியக் காற்பந்து வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றி ஆடினர். 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் சார்பில் பெண்கள் முதன்முறையாகப் பங்கேற்றனர். 1992 பார்சிலோனாவில் கொடி ஏந்திய சைனி வில்சன், அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியப் பெண் ஆவார்.

2012 இலண்டன் தொடக்க விழாவில் இந்தியப் பெண்கள் மஞ்சள் நிறச் சேலையும் ஆண்கள் மஞ்சள் தலைப்பாகையும் அணிந்திருந்தனர். அணியைச் சேராத ஒரு பெண் வேறு உடையில் முன்வரிசையில் நடந்து வந்தது உடனடியாகப் பலரின் கவனத்துக்கு வந்தது. உடை வேறுபட்டிருந்ததாலேயே அவர் அணிக்கு வெளியே உள்ளவர் என்பதை நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் கண்டுகொண்டனர்.

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்தது. ஆதலால் இந்திய வீரர் மூவர் தேசியக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தனர். சில நாட்களுக்குப் பின் தடை நீக்கப்பட்டது.

2018 கோல்டு கோசுட்டு பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளுக்கு முன், பெண்களும் ஆண்களைப் போலவே மேலங்கியும் காற்சட்டையும் அணிவர் என இந்திய ஒலிம்பிக் சங்கம் அறிவித்தது. சேலை உடுத்துவதற்கு நேரமும் பிறர் உதவியும் தேவைப்படுவதும், அதனை உடுத்திப் பழகாத வீராங்கனையர் பலர் இருப்பதும் இம்மாற்றத்துக்குச் சார்பான கருத்துகளாகும்.

2024 பாரிசு ஒலிம்பிக் விவாதம்

2024 சூலை 26 அன்று நடந்த பாரிசு தொடக்க விழாவில் அணிகள் திடலில் நடந்து வராமல் சென் ஆற்றில் படகுகளில் சென்றன. அன்று மழையும் பெய்தது. பி. வி. சிந்துவும், சென்னையைச் சேர்ந்த மேசைப்பந்தாட்ட வீரர் அசந்தா சரத் கமலும் இந்தியக் கொடியை ஏந்தினர். பெண்கள் சேலையும், ஆண்கள் குர்தாவும் அதன் மேல் கையில்லா மேலங்கியும் அணிந்திருந்தனர். வெண்மை நிறத் துணியில் காவி, பச்சை நிறக் கரைகள் அமைந்திருந்தன. வடிவமைப்பாளர் தருண் தகிலியானியின் தாசுவா நிறுவனம் இவற்றைத் தயாரித்தது.

கரைகளில் இருந்தது 'இக்கத்' பாணி வேலைப்பாடு ஆகும். இக்கத் என்பது நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமேற்றி, நெய்யும்போது உருவம் தோன்றச் செய்யும் நுட்பம். தெலங்கானாவின் போச்சம்பள்ளி, குசராத்தின் பாட்டன், ஒடிசாவின் சம்பல்பூர் ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. ஆனால் பாரிசு உடையில் அவ்வுருவம் நெய்யப்படவில்லை. துணியின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. நெசவுக்குப் புகழ்பெற்ற நாடு நெசவின் படத்தை மட்டும் அணிந்து சென்றது என்பது விமரிசகர்களின் குறை. முன்னாள் இறகுப்பந்தாட்ட வீராங்கனை ஜுவாலா கட்டா, சேலை உடுத்தத் தெரியாதோருக்கு ஏற்கெனவே மடிப்பு வைத்துத் தைத்த சேலையை வழங்கியிருக்கலாம் என்றும், இரவிக்கைகள் பொருந்தவில்லை என்றும் கருத்துத் தெரிவித்தார்.

மறுபக்க வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. மணிக்கணக்கில் படகில் நிற்க வேண்டிய வீரர்களுக்கு உடை இலேசாக இருத்தல் வேண்டும். மறுநாளே போட்டியில் இறங்க வேண்டியவர்களும் அவர்களுள் உண்டு.

கைத்தறியும் காலக் கணக்கும்: காஞ்சிபுரம் எடுத்துக்காட்டு

விழாச் சீருடையைக் கைத்தறியில் நெய்வது இயலுமா என்பதை காஞ்சிபுரம் பட்டுச் சேலையைக் கொண்டு ஆராயலாம். இச்சேலை 2005-06 இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை குசராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன.

அமைப்பு

காஞ்சிபுரம் சேலையின் தனித்தன்மை உடலும் கரையும் எதிரெதிர் நிறங்களில் அமைவதாகும். கோர்வை முறையில் உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு ஒவ்வொன்றுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதனால் இணைப்பு எளிதில் பிரிவதில்லை. மரபுத் தறியில் இப்பணிக்கு நெசவாளருடன் ஓர் உதவியாளரும் தேவை. முந்தானைக்கு வேறு நிறப் பாவு வேண்டுமெனில், புதிய பாவு இழைகள் உடலின் பாவோடு பிணைக்கப்படும். கோபுரக் கரை, உருத்திராட்சம், மயில், அன்னம், யாளி, மாங்காய் ஆகியவை பெருவழக்கான உருவங்கள். இவற்றுள் பல நகரின் கோயில் சிற்பங்களிலும் காணப்படுபவை.

உருவம் முதலில் கட்டத்தாளில் வரையப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை எழும்புமா, படியுமா என்பதைக் குறிக்கும். அதற்கேற்பத் துளையிட்ட அட்டைகள் சக்கார்டு பொறியில் கோக்கப்படுகின்றன. எனவே அசோகச் சக்கரத்தையோ மூவண்ணக் கரையையோ நெய்வதில் நுட்பத் தடை ஏதுமில்லை.

நேரம்

தடையாக இருப்பது நேரம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குச் சுமார் 10 நாள் முதல் ஒரு மாதம் வரை ஆகிறது. பொதுவாக ஒரு பாவில் மூன்று சேலைகள் நெய்யப்படும். பாரிசு சென்ற 117 இந்தியப் போட்டியாளர்களுள் பெண்கள் 47 பேர். இவர்களுக்கு 16 பாவுகள் போதும். ஒரு சேலைக்கு 15 நாள் எனக் கொண்டால், 16 தறிகள் ஒரே நேரத்தில் இயங்கி 45 நாட்களில் 48 சேலைகளை நெய்துவிடும். நூல் கொள்முதல், சாயம், பாவு தயாரித்தல், அட்டை வெட்டுதல், இரவிக்கைத் தையல் ஆகியவற்றுக்கான நாட்கள் தனி.

சீருடை என்பதால் வேறொரு சிக்கலும் உண்டு. தனித்தனியாகச் சாயமேற்றிய நூல்களில் நிறம் சற்று வேறுபடும். தறிக்குத் தறி நெசவின் நெருக்கமும் மாறும். கடையில் விற்கும் சேலைக்கு இது குறையன்று. 47 பேர் அருகருகே நிற்கும்போது கண்ணுக்குத் தெரியும். எனவே எல்லாப் பாவுகளுக்குமான நூலையும் ஒரே முறையில் சாயமேற்றிப் பின்னர் தறிகளுக்குப் பிரித்தளிக்க வேண்டும். முறுக்கேற்றிய பட்டும் சரிகையும் சேலையைக் கனமாக்குவதால், சரிகையைக் குறைத்துக் கரையில் மட்டும் வேலைப்பாடு செய்வது இத்தேவைக்குப் பொருந்தும். அதனால் நெசவு நாட்களும் குறையும்.

இக்கணக்கின்படி தறிகளின் எண்ணிக்கையோ நெசவாளரின் திறனோ குறைவாக இல்லை. முன்கூட்டியே ஆணை வழங்குவதே தேவை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1983 இல் தொடங்கப்பட்ட இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டத்தில் துணிகள் பொங்கலை இலக்காகக் கொண்டு கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நெய்யப்படுகின்றன. நாள் தெரிந்திருப்பதால் தறிக்கு வேலை முன்னரே வருகிறது.

நெசவாளர் நோக்கு

1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் உரியவையாக ஆக்கியது. விசைத்தறியிலோ அச்சிலோ செய்த நகல் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, அசலை நெய்பவரின் கூலி பாதிக்கப்படுகிறது. கைத்தறித் தொழிலுக்கு மதிப்பளிக்கும் பொருட்டு ஆகத்து 7 தேசியக் கைத்தறி நாளாக அறிவிக்கப்பட்டு, அதன் முதல் விழா 2015 இல் சென்னையில் நடைபெற்றது. உலகமே பார்க்கும் மேடையில் நகலை அணிவது, நகலே போதும் என்ற செய்தியை வாங்குவோருக்குத் தந்துவிடும் என்பதால், நெசவாளரைப் பொறுத்தவரை இது வெறும் அழகியல் வினா அன்று.

எதிர்வரும் போட்டிகள்

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028 லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கில் துடுப்பாட்டத்தையும், அமெரிக்கக் காற்பந்தின் மோதலற்ற வடிவமான கொடிக் காற்பந்தையும் சேர்க்க ஒப்புதல் அளித்தது. கொடிக் காற்பந்தில் கவசங்கள் இல்லை. எதிரணி வீரரை வீழ்த்துவதற்குப் பதிலாக அவர் இடுப்பில் தொங்கும் கொடியைப் பறிக்க வேண்டும். ஆகவே காற்சட்டையில் பை இருத்தல் கூடாது; இடுப்புக் கொடியின் நிறம் காற்சட்டையின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

லாசு ஏஞ்சலசு தொடக்க விழா 2028 சூலை 14 அன்று நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. 2030 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு 2025 நவம்பரில் அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டது. இவ்விரு விழாக்களின் ஆண்டும் முன்னரே தெரிந்தவை. ஆதலால் நெசவுக்கு நேரமில்லை என்ற காரணம் இவற்றுக்குப் பொருந்தாது. சீருடையைத் தெரிவு செய்யும் முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதே, அது தறியில் உருவாகுமா அச்சில் உருவாகுமா என்பதைத் தீர்மானிக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலை
கைத்தறி
இந்திய ஒலிம்பிக் சங்கம்
அமெரிக்கக் காற்பந்து
இந்திய தேசியக் கொடி